சண்டையில் தொடங்கிய ஒரு தேனிலவு

சென்ற ஆடி மாதம் கனடாவிலிருந்து என் தங்கையின் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் தங்கிக் கடலில் குளித்துவிட்டு, மீதி நாட்களை என் வீட்டில் கழித்தாள். திரும்பிப் போகும்போது பெட்டியில் பாரம் கூடிவிட்டது. இரண்டு சட்டைகளையும் ஒரு ஆங்கிலப் புத்தகத்தையும் எடுத்து வெளியே வைத்தாள். "பெரியம்மா, இது சும்மா சிரிக்கிறதுக்கு வாசிக்கிற புத்தகம். பெரிசா ஒன்றுமில்லை" என்றாள்.

சும்மா சிரிப்பதற்காக நான் கடைசியாக எப்போது ஒரு புத்தகம் வாசித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

எங்கள் பெண்கள் சங்கத்தின் தையல் அறையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். தைக்கிறவர்கள் தைப்பார்கள். ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் வாசித்துச் சொல்வது என் வேலை. அங்கே வருகிறவர்களில் கணவனைப் போரில் இழந்தவர்களும், காணாமற்போன பிள்ளையின் படத்தைக் கைப்பையில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இதுவரை அவர்களுக்கு நான் வாசித்தவை சட்ட விளக்கங்கள், சுகாதாரக் குறிப்புகள், கடன் திட்ட விபரங்கள். அந்தச் சனிக்கிழமை இந்தக் காதல் கதையை எடுத்துக்கொண்டு போனேன். வயதில் மூத்த ஒரு அக்கா, "எங்களுக்கு இது தேவையா ரீச்சர்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கதையைச் சொல்லத் தொடங்கினேன். ஐந்து சனிக்கிழமைகள் எடுத்தது.

கதை இதுதான்

புத்தகத்தின் பெயர் 'த அன்ஹனிமூனர்ஸ்'. தேனிலவுக்கு உரியவர்கள் அல்லாதவர்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 2019 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதியவர் பெயர் கிறிஸ்ரினா லோறன் என்று அட்டையில் இருக்கிறது. உண்மையில் அது ஒருவரல்ல. கிறிஸ்ரினா ஹொப்ஸ், லோறன் பில்லிங்ஸ் என்ற இரண்டு சிநேகிதிகள் சேர்ந்து எழுதும்போது வைத்துக்கொண்ட பெயர்.

ஒலிவ், அமி என்று இரட்டைச் சகோதரிகள். மெக்சிக்கோ வழிவந்த பெரிய குடும்பம். அமெரிக்காவின் குளிர் நகரமான மினியாபொலிஸில் வசிக்கிறார்கள். அமி அதிர்ஷ்டக்காரி. போட்டி, குலுக்கல் எதில் பெயரைப் போட்டாலும் பரிசு விழும். தன் கலியாணச் செலவில் பெரும்பகுதியைக்கூட அப்படித்தான் சமாளிக்கிறாள். ஒலிவோ தான் பிறந்த நேரமே சரியில்லை என்று நம்புகிறவள். சின்ன வயதில், காசு போட்டுப் பொம்மை பிடிக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் புகுந்து வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொண்டவள்.

அமியின் மாப்பிள்ளை டேன். அவனுடைய அண்ணன் ஈதன். ஒலிவுக்கும் ஈதனுக்கும் ஆகவே ஆகாது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். முதன்முதல் சந்தித்த நாளில், ஒரு கண்காட்சித் திடலில் ஒலிவ் மாவில் தோய்த்துப் பொரித்த சீஸ் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் பார்த்த பார்வை ஒரு மாதிரியாக இருந்தது. உடம்பு பருத்த பெண் எண்ணெய்ப் பண்டம் தின்கிறாளே என்றுதான் அவன் அருவருத்தான் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். அன்று தொடக்கம் பகை.

கலியாண விருந்தில் விதவிதமான கடலுணவு. அதில் நஞ்சாகி, மணமகள், மணமகன், விருந்தினர் எல்லோரும் வாந்தியும் வயிற்றோட்டமுமாக விழுந்துவிடுகிறார்கள். தப்பியவர்கள் இரண்டே பேர். ஒலிவுக்கு நண்டு, இறால் போன்றவை ஒத்துக்கொள்ளாது. ஈதன், பலர் கைபட்ட பஃபே மேசையில் சாப்பிடாத சுத்தக்காரன். அமி பரிசாக வென்ற பத்து நாள் தேனிலவுப் பயணத்தை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. வீணாகக்கூடாது என்று அமி தன் பெயரில் ஒலிவை அனுப்புகிறாள். டேனின் பெயரில் ஈதன் போகிறான். இப்படித்தான் ஒருவரையொருவர் கண்ணால் காணப் பிடிக்காத இருவர், ஹவாயில் உள்ள மாவுயித் தீவுக்குப் புதுமணத் தம்பதியாகப் போய் இறங்குகிறார்கள்.

விருந்து மேசைக் கட்டத்தில் தையல் மெசின்கள் எல்லாம் நின்றுவிட்டன. "எங்கட வீட்டுக் கலியாணத்திலயும் கணவாய்க் கறியால இப்பிடித்தான்" என்று ஒருத்தி தொடங்கினாள். முதல் நாள் என்னைக் கேள்வி கேட்ட அக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தீவில் இன்னும் சிக்கல். ஒலிவுக்குப் புதிதாக வேலை கொடுத்த முதலாளியும் அதே தீவுக்கு வந்து நிற்கிறார். அவருக்கு முன்னால் கணவன் மனைவியாகவே நடிக்க வேண்டியதாகிறது. போதாததற்கு ஈதனின் பழைய காதலியும் தன் புது மாப்பிள்ளையோடு வந்து சேர்கிறாள். நடிக்க நடிக்க இருவரும் ஒருவரையொருவர் கவனிக்கத் தொடங்குகிறார்கள். அந்தப் பொரித்த சீஸ் நாளின் உண்மையும் வெளிவருகிறது. ஈதன் அன்று அருவருக்கவில்லை. அவனுக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. அவளைப் பற்றித் தம்பி டேனிடம் கேட்டபோது, அவள் எப்போதும் கோபக்காரி, கிட்டப் போகாதே என்று டேன்தான் தடுத்திருக்கிறான்.

இந்தத் தம்பி டேனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரிக்கவில்லை. அந்தத் தீவில் உல்லாசப் பயணிகளுக்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. சாயம் நிரப்பிய உருண்டைகளைத் துப்பாக்கியால் ஒருவர்மேல் ஒருவர் சுட்டு, ஒளித்து ஓடுவது. ஈதனும் ஒலிவும் அதற்கும் போகிறார்கள். நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒருத்தி, "காசு குடுத்தா சண்டை பிடிக்கினம்?" என்று கேட்டாள். எழுதியவர்கள் அதைப் பகிடியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அவர்கள்மேல் குறையில்லை. எங்கள் காது வேறு.

சண்டை வேறு, அடி வேறு

மோதலில் தொடங்கிக் காதலில் முடியும் கதை எங்களுக்குப் புதிதல்ல. தமிழ்ப் படங்களில் எத்தனையோ பார்த்திருக்கிறோம். அவற்றில் பல எனக்குப் பிடிப்பதில்லை. பெண் வேண்டாம் என்கிறாள். ஆண் தெருவெல்லாம் பின்தொடருகிறான். சில படங்களில் கன்னத்தில் அறைகிறான். கடைசியில் அவள் அவனையே விரும்புகிறாள். இதைப் பார்த்து வளரும் பெடியன்களும் பெட்டைகளும் எதைப் படிப்பார்கள்?

இந்த நாவலில் சண்டை சரிக்குச் சமமாக நடக்கிறது. அவன் ஒரு சொல் சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். அவன் அவளைத் துரத்துவதுமில்லை, பயமுறுத்துவதுமில்லை. அவள் இல்லையென்றால் அவனுக்கும் இல்லைதான். இருவரில் யாருக்கும் மற்றவரைக் கண்டு பயமில்லை என்பதால்தான் அந்தச் சண்டை எங்களைச் சிரிக்க வைக்கிறது.

இதை வீட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம். வாய்ச்சண்டை முடிந்ததும் இருவரும் ஒரே பாயில் இருந்து தேநீர் குடிக்க முடிந்தால் அது சண்டை. ஒருவர் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் மற்றவருக்கு நெஞ்சு படபடத்தால் அதற்குப் பெயர் வேறு. அதை அன்பு என்று எந்தக் கதை சொன்னாலும் நம்பாதீர்கள். எங்கள் நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

அந்தத் தீவு யாருடையது

மூன்றாம் கிழமை ஒருத்தி கேட்டாள்: "ரீச்சர், அந்தத் தீவில வேற ஆக்கள் இல்லையா?" நல்ல கேள்வி. நாவலில் அந்த மண்ணின் மக்கள் பெரும்பாலும் வந்தவர்களை உபசரிக்கும் பணியாளராகத்தான் வருகிறார்கள். பாசிக்குடாவில் விடுதிகள் எழும்பிய பிறகு அங்கே படுக்கை விரிக்கப் போகும் பிள்ளைகள் எங்கள் அயலிலும் இருப்பதால் அவளுக்கு அது பட்டிருக்கிறது.

ஹவாய் ஒரு தனி இராச்சியமாக இருந்தது. அதன் கடைசி அரசி லிலியுகலானி. 1893 இல் அவருடைய ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898 இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1959 இல் ஹவாய் அமெரிக்காவின் 50 ஆவது மாநிலமாயிற்று.

நாவல் வெளிவந்து நான்கு ஆண்டுகளின் பின், 2023 ஆவணி 8 ஆம் திகதி, மாவுயித் தீவில் பெருந்தீ மூண்டது. ஒருகாலத்தில் ஹவாய் இராச்சியத்தின் தலைநகராக இருந்த லஹைனா நகரம் எரிந்து சாம்பலானது. 100 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடிழந்த ஆயிரக்கணக்கானோருக்கு உல்லாசப் பயணிகளின் ஹோட்டல் அறைகளே பல மாதங்கள் தற்காலிக வீடாயின. சமையலறை இல்லாத ஒரு அறையில் ஒரு குடும்பம் எப்படி இருந்திருக்கும் என்று முகாமில் இருந்த எங்களுக்கு ஒருவர் விளக்கத் தேவையில்லை.

லஹைனாவில் ஒரு ஆலமரம் நிற்கிறது. இந்தியாவிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து 1873 இல் நட்டது. விழுது விட்டு ஒரு திடலையே மூடி வளர்ந்த மரம். தீயில் அதுவும் கருகியது. சில வாரங்களில் தளிர் விட்டது. இதைச் சொன்னதும் தையல் அறையில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது.

பழைய கதைகள் இரண்டு

பகை காதலாகும் கதைக்கு ஆங்கிலத்தில் நானூறு ஆண்டு வயது. 1600 ஆம் ஆண்டு அச்சாகிய ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகம் ஒன்று, 'மச் அடு அபவுட் நதிங்', சிசிலித் தீவின் மெசினா நகரில் நடக்கிறது. போர் முடிந்து வீரர்கள் ஊருக்குள் வருவதில்தான் நாடகம் தொடங்குகிறது. பியற்றிஸ் என்ற வாய்த்துடுக்கான பெண்ணும் பெனடிக் என்ற வீரனும் கண்டவுடன் வார்த்தையால் குத்திக்கொள்வார்கள். இருவருக்கும் உள்ளூர விருப்பம்.

ஆனால் அந்தக் காதல் உரைத்துப் பார்க்கப்படும் இடம் வேறு. பியற்றிஸின் ஒன்றுவிட்ட சகோதரி ஹீரோவைக் கலியாண நாளில் மாப்பிள்ளையே எல்லோர் முன்னாலும் ஒழுக்கம் கெட்டவள் என்கிறான். யாரோ செய்த சூழ்ச்சி. பெற்ற தகப்பன்கூட அதை நம்பிவிடுகிறார். பியற்றிஸ் மட்டும் நம்பவில்லை. ஓராண்டாக ஒரே கட்டிலில் கூடப் படுத்தவளைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? அப்போது பெனடிக் அவளிடம் ஒன்றுதான் கேட்கிறான்: ஹீரோவுக்கு அநியாயம் நடந்தது என்று நீ மனதார நினைக்கிறாயா? ஆம் என்கிறாள். அவனுக்கு அது போதும். தன் தோழனான அந்த மாப்பிள்ளையை எதிர்த்து நிற்கப் போகிறான்.

இன்னொன்று ஜேன் ஒஸ்ரின் 1813 இல் வெளியிட்ட 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்'. முதல் நடன விருந்தில் டார்சி தன்னைப் பற்றிச் சொன்ன ஒரு அலட்சியச் சொல்லைக் கேட்டு எலிசபெத் அவனை வெறுக்கிறாள். விக்கம் என்ற இனிப்பான பேச்சுக்காரன் டார்சியைப் பற்றிச் சொன்ன பொய்யையும் நம்பிவிடுகிறாள். பிறகு டார்சியின் கடிதத்தை மறுபடி மறுபடி வாசித்துத் தன் பிழையை உணர்கிறாள்.

இந்த வகைக் கதைகளில் முத்தத்தை விட முக்கியமானது இதுதான் என்று எனக்குப் படுகிறது. யாரை நம்பினோம், யாரை நம்பாமல் விட்டோம் என்று ஒருவர் திரும்பிப் பார்க்கிற இடம்.

ஒலிவ் சொன்னதை யார் நம்பினார்கள்?

இப்போது டேனுக்கு வருவோம். தீவிலிருக்கும்போதே ஒலிவுக்கு ஒரு சந்தேகம் விழுகிறது. அமியோடு பழகிய காலத்தில் டேன் வேறு பெண்களோடும் தொடர்பாக இருந்திருக்கிறான். அண்ணனோடு பயணம் போவதாக ஒவ்வொரு பண்டிகைக்கும் சொன்ன சாட்டுகளும் அவனே போட்ட திட்டங்கள். ஊர் திரும்பிய பிறகு டேன் ஒலிவிடமே தகாத விதமாகக் கதைக்கிறான். தன் தங்கச்சி முறையானவளிடம்!

ஒலிவ் இதை ஈதனிடம் சொல்கிறாள். தம்பி அப்படிப்பட்டவன் அல்ல, நீ எப்போதும் எல்லாவற்றிலும் குறைதான் காண்பாய் என்கிறான் ஈதன். தீவில் அவ்வளவு அன்பாக இருந்தவன். கூடப் பிறந்த அமியிடம் சொல்கிறாள். அமியும் நம்பவில்லை, கோபிக்கிறாள். இதற்கிடையில் கலியாணமானவளாக நடித்த பொய்யை முதலாளியிடம் ஒப்புக்கொண்டதால் வேலையும் போய்விடுகிறது. சிரிக்கச் சிரிக்க வந்த கதை இந்த இடத்தில் வேறு முகம் காட்டுகிறது.

பிறகு அமி தானே உண்மையைக் கண்டுபிடிக்கிறாள். சகோதரிகள் சேர்கிறார்கள். ஈதனும் தேடி வந்து மன்னிப்புக் கேட்கிறான். ஒலிவ் அதை உடனே தூக்கிக் கொடுத்துவிடவில்லை என்பது எனக்குப் பிடித்தது. முடிவுரையில் மட்டும் ஈதனின் குரலில் கதை வருகிறது. இருவரும் மறுபடி மாவுயிக்குப் போகிறார்கள். நல்ல முடிவு.

ஒலிவ் நம்பப்படாமல் நின்ற பகுதியை நான் சொன்ன சனிக்கிழமை அறையில் ஒருவரும் கதைக்கவில்லை. எத்தனை மேசைகளுக்கு முன்னால் இருந்து, எத்தனை தரம் ஒரே விடயத்தைச் சொல்லி, "நிச்சயமாகத் தெரியுமா?" என்ற கேள்வியைக் கேட்டு வந்தவர்கள் அவர்கள். பிறகு கடைசி வரிசையில் இருந்த ஒரு இளம் பெண், "கூடப்பிறந்தவளே நம்பாட்டி ஆரட்டப் போறது" என்றாள். அது ஒலிவைப் பற்றித்தானா என்று நான் கேட்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகு கூட்டிக்கொண்டு போய்த் தேநீர் கொடுத்தேன். அவள் சொன்னது அவளுக்கும் எனக்கும்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. காரணம், நானே ஒரு அமி.

1990 இல் நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று மாதம் இருந்தோம். அம்மாவுக்குச் சுகமில்லை. என் தங்கைக்குப் பதினாறு வயது. ஒரு நாள் இரவு, அந்த வீட்டுக்காரர் கிணற்றடியில் தன் கையைப் பிடித்ததாக என்னிடம் சொன்னாள். நான் அவளைவிடப் பத்து வயது மூத்தவள். "நீ பிழையாக விளங்கியிருப்பாய்" என்று சொன்னேன். அந்தக் கூரையை விட்டால் எங்களுக்கு வேறு கூரை இல்லை. அதன்பின் அவள் கிணற்றடிக்குத் தனியாகப் போகவில்லை. என்னிடம் வேறு எதையும் சொல்லவுமில்லை. மூன்று வருடத்தில் கனடாவுக்குப் போய்விட்டாள். கடிதம் வரும், காசு வரும், பிள்ளைகளின் படம் வரும். அந்தக் கதை மட்டும் வராது.

புத்தகத்தைச் சொல்லி முடித்த கிழமை அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். மகள் விட்டுப்போன புத்தகத்தைப் பற்றிக் கதைத்தோம். அவளும் வாசித்திருந்தாள். கலியாண வீட்டு வாந்தியை நினைத்து இருவரும் சிரித்தோம். பிறகு, "கிணற்றடி விடயத்தில் நான் உன்னை நம்பாமல் விட்டது பெரிய பிழை" என்று சொன்னேன்.

அவள் கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அக்கா, நீங்கள் நம்பினீர்கள். அது எனக்கு அப்பவே தெரியும். நம்பிக்கொண்டும் இல்லையென்று சொன்னீர்களே, அதுதான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே அழைத்தாள். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அழைக்கிறாள்.

சகோதரிகளே, உங்கள் சங்கத்திலும் ஆங்கிலம் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் இப்படி ஒரு சிரிப்புக் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தைத்துக்கொண்டே கேட்கலாம். கேட்டு முடித்ததும் ஒன்றை மட்டும் கதைத்துப் பாருங்கள்: ஒலிவ் உங்கள் தங்கையாக இருந்து உங்களிடம் வந்து சொல்லியிருந்தால், நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எங்களுக்கு இது தேவையா என்று முதல் நாள் கேட்ட அக்கா, சென்ற சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னதாகவே வந்திருந்தார். மெசினில் நூல் கோத்துக்கொண்டே, "ரீச்சர், வேற புத்தகம் கிடைச்சதா?" என்று கேட்டார்.